புளி வாசம் அடித்த தோட்டா

காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு ஒரு வெற்றுத் தோட்டாக் கூடு என் கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. சத்தம் சரியில்லை.

பித்தளைக் கூடு மரத்தில் விழுந்தால் சின்ன மணி போல ஒலிக்கும். இது மண்ணாங்கட்டி விழுந்தது போல் தொக்கென்று உட்கார்ந்தது. வேறொரு கூட்டை எடுத்துப் போட்டேன். அது ஒலித்தது. இதை மறுபடி போட்டேன். மறுபடியும் தொக்.

தோட்டா அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, சுட்டு முடித்த கூட்டின் அடியில் நெருப்புப் பொறி தரும் புது கேப் அடித்து, வெடிமருந்து போட்டு, ஈயக்குண்டு பொருத்தி மறுபடி தோட்டாவாக்கும் வேலையை நான் சொல்லித் தரப்போவதில்லை. அது இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். பட்டாளத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்று, அதன்பிறகு கோவில்பட்டிக்கு வெளியே இந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் உங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். போன ஆடியில் ஒருநாள் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அதைச் சொல்லாமல் அறைச் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தது உறுத்தலாகவே இருக்கிறது.

நம் ரேஞ்சில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேற்கே தடுக்க ஒரு மரமும் கிடையாது. இரும்புத் தகட்டைச் சுட்டு வீழ்த்தும் போட்டியில் தகடு சாய வேண்டும். குண்டு பட்டால் மட்டும் போதாது. ஆனால் ஆடியில் காற்று தகட்டின் முதுகுக்குப் பின்னால் இருந்து முட்டுக்கொடுக்கும். மருந்து குறைந்த வழக்கமான மென்மையான தோட்டா பட்டால் டங்கென்று சத்தம் வரும், தகடு லேசாகத் தலையாட்டும், திரும்ப நிமிர்ந்துகொள்ளும்.

என் மகள் மாரிக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது. மாவட்டத் தேர்வுப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. அடித்த தகடெல்லாம் நின்றுகொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தன.

"அப்பா, மருந்தக் கூட்டித் தாங்க. நான் குறி பாக்கது போதாதுன்னு காத்துகூடயும் சண்ட போடணுமா?" என்றாள்.

கூட்டலாம். ஆனால் தானியங்கி பிஸ்டலுக்கு மருந்து கூட்டுவது படி ஏறுவது போல. ஒவ்வொரு படிக்கும் சில தோட்டாக்கள் மட்டும் செய்து, சுட்டு, விழுந்த கூட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் படிக்க வேண்டும். கேப் தட்டையாகிறதா, அடிப்பக்கம் உப்புகிறதா, பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் போய் மோதும் சத்தம் மாறுகிறதா. கூடு பேசும். ஆனால் மெதுவாகத்தான் பேசும். அவசரப்படுகிறவனுக்கு அது கேட்காது.

முதல் மூன்று படியில் ஒன்றும் இல்லை. நான்காவதில் தகடு சாய்ந்தது. ஐந்தாவதில் தகடு தெறித்து விழுந்தது. கூடுகளோ வழக்கமாக விழும் இடத்தைத் தாண்டி வேலிக்கு அப்பால் போய் விழுந்தன. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பேச்சியக்கா சத்தம் போட்டாள்.

"ஏ தம்பி! இன்னைக்கி என்ன, ஆட்டு முதுவுல வந்து விழுது? என் கெடாக்குட்டி என்ன பாவம் பண்ணிச்சி?"

பேச்சியக்காவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரேஞ்சைச் சுற்றிய தரிசில் அவள் ஆடுகள்தான் மேயும். கரிசல் வெடித்துக் கிடக்கும் மாதங்களில் நம் கூடுகளில் பாதி வெடிப்புக்குள் போய்விடும். பேச்சியக்கா ஒரு பருத்திமார்க் குச்சியை உள்ளே விட்டு, கூட்டின் வாயில் குத்தி, மீன் பிடிப்பது போல ஒவ்வொன்றாக மேலே எடுப்பாள். அந்தக் கூடுகளை அவள் ஒரு தகர டின்னில் போட்டு வைப்பாள். நாம் எடுத்து, உமி போட்டுச் சுற்றும் டப்பாவில் ஓட்டிச் சுத்தம் செய்வோம்.

அன்று ஐந்தாம் படிக் கூட்டைப் பார்த்தேன். கேப்பின் விளிம்பு மழுங்கியிருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் முந்தைய படியில் அது இல்லை.

"நாலோட நிப்பாட்டுதேன்" என்றேன்.

மாரி முறைத்தாள். "அஞ்சுல தகடு பறக்குதுப்பா. பொட்டுனு ஒரு கேப் விளிம்பப் பாத்துட்டுப் பயப்படுதீங்க."

"பயந்தான்."

"ஒங்களுக்கு எதுதான் பயமில்ல? நான் பஸ்ல ஏறுனா பயம், எறங்குனா பயம். போன போட்டியில ரேஞ்சுக்கே போன் போட்டு 'புள்ள தண்ணி குடிச்சாளா'ன்னு கேட்டிய. நம்ம கிளப் செயலாளர் அண்ணாச்சி அத மைக்குல சொன்னாவ. இருவது பேரு சிரிச்சாவ."

அது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் நான்காம் படிதான் என்றேன். அவள் அதற்குப் பிறகு என்னிடம் பேசாமல், அவள் அம்மாவிடம் சொல்லி அம்மா என்னிடம் சொல்லும் முறையில் இரண்டு நாள் போனது.

பேச்சியக்காவின் டின்னிலிருந்த கூடுகளை வைத்துப் போட்டிக்கான தோட்டாக்களை நான்காம் படியில் செய்து, சிவப்பு மூடி போட்ட பெட்டியில் அடுக்கினேன். அதே வரிசையில் பத்தை எடுத்து அலமாரியில் தனியே வைத்தேன். இது என் பழைய வழக்கம். ஏதாவது கேள்வி வந்தால் பதில் சொல்ல நம் கையில் அதே பொருள் இருக்க வேண்டும். அந்த வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

போட்டி பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் வேறொரு கிளப்பின் ரேஞ்சில். மாரி விடியும் முன்பே செயலாளர் அண்ணாச்சியின் காரில் போய்விட்டாள். வீட்டில் உட்காரப் பிடிக்காமல் நான் தோட்டா அறைக்கு வந்து, அதே டின்னில் பழைய கேப் தள்ளி மிஞ்சியிருந்த கூடுகளைத் தரம் பிரிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அந்த ஒன்று நழுவி விழுந்தது.

ஒரு மெல்லிய ஊசியை உள்ளே விட்டேன். அடியைத் தொடும் முன்பே நின்றது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே கருப்பு. சுட்ட கூட்டின் உள்ளே கருப்பு இருப்பது இயல்பு. ஊசியால் சுரண்டினேன். கருப்புக்கு அடியில் பழுப்பாக ஏதோ பசை போல ஒட்டி, காய்ந்து, இறுகிக் கிடந்தது. நடுவில் மட்டும் துளை. பழைய கேப்பைத் தள்ளும்போது நம் கருவியின் கம்பி போட்ட துளை. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. கேப்பின் நெருப்பு மருந்துக்குப் போக வழி இருந்தது.

இதன் பொருள் உங்களுக்கு உடனே புரிய வேண்டும். புரியாவிட்டால் இந்த மேசையில் உட்காராதீர்கள். நாம் அளப்பது மருந்தை. ஆனால் அழுத்தத்தைத் தீர்மானிப்பதில் மருந்துக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பங்கு அது எரிய எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்கு. சின்னக் கூட்டில் நகக்கண் அளவு இடம் குறைந்தாலும் நான்காம் படி நான்காம் படியாக இருக்காது. ஐந்தாக இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். நான் ஏற மறுத்த படியில் என் மகள் எனக்குத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். கூடு கிழிந்தால் வாயு முகத்துக்கு நேரே வராமல் கைக்குள் வெடிக்கும். விரல்கள் பிஸ்டலின் பிடியில் இருக்கும்.

வெளியே ஓடினேன். தோட்டா அறைக்குள் போன் கொண்டுபோவதில்லை என்பதால் அது சைக்கிள் கொட்டகையில் பையில் கிடந்தது. மாரியின் போன் அணைத்திருந்தது. செயலாளர் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். எடுத்தார்.

"அண்ணாச்சி, ஒரு கூட்டுல ஏதோ ஒட்டியிருக்கு. ஒருவேள மத்ததுலயும் இருக்கலாம். அப்படி இருந்தா, இருக்கான்னு தெரியல, ஆனா ஒருவேள..."

"ஒருவேளையா?" அவர் சிரித்தார். பின்னால் மைக் சத்தம். "பாத்தியளா, மாரி காலையிலேயே சொல்லிட்டா. அப்பா போன் வரும், எங்கிட்டத் தராதீங்கன்னு. தண்ணி குடிச்சிட்டா. இட்லியும் தின்னுட்டா. புள்ளைய நிம்மதியா சுட விடுங்க. வைக்கேன்."

வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

வண்டிச் சாவி என் கையில் இருந்தது. கிளம்பினால் ஒரு மணி நேரம் ஆகும். வழியில் போன் எடுக்க முடியாது. போட்டி அதற்குள் தொடங்கிவிடும். கொட்டகையில் நின்றுகொண்டு, அவர் ஏன் சிரித்தார் என்று யோசித்தேன். அந்த நேரத்தில் அது வேண்டாத யோசனை போலத் தோன்றும். ஆனால் அதுதான் வேலை செய்தது. நான் ஆபத்தைச் சொல்லவில்லை. என் பதற்றத்தைச் சொன்னேன். என் பதற்றம் அவருக்குப் பழகிப்போன சரக்கு. 'ஒருவேளை'யைப் பேச்சிலிருந்து எடுத்தால்தான் அவர் கேட்பார். அதை எடுக்க எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உள்ளே போய் அலமாரியிலிருந்த பத்துத் தோட்டாவையும் எடுத்தேன். அவசரத்தில் குண்டைக் கழற்றுவது போல மோசமான வேலை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கருவியைக் கீழே வைத்துவிட்டு, பிறகு தொடர்ந்தேன். மருந்தைத் தட்டில் கொட்டிவிட்டு ஊசியை விட்டேன். முதலாவது சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவதில் ஊசி நின்றது. மீதியைத் திறக்கவில்லை. போதும்.

மறுபடி கொட்டகைக்கு ஓடினேன்; இம்முறை ஐந்தாறு தடவை அடித்த பிறகே அண்ணாச்சி எடுத்தார். அவர் வாயைத் திறக்கும் முன் சொன்னேன்.

"சிவப்பு மூடிப் பெட்டி. சுடக் கூடாது. கூடு கிழியும். பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

அவ்வளவுதான் சொன்னேன். மகள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் சிரிப்பு இல்லை.

"எந்தப் பொட்டி?"

"சிவப்பு மூடி."

"அவ சுடுத லைன்ல நிக்கா" என்றார். பிறகு போன் எங்கோ விழுந்த சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. திரும்ப அடித்தபோது அணைத்திருந்தது.

இனி நான் செய்ய ஒன்றும் இல்லை. சொல் போய்ச் சேர்ந்திருக்கும் அல்லது சேர்ந்திருக்காது. வண்டியில் ஏறி ஓடுவதால் இரண்டும் மாறப்போவதில்லை. ஆனால், உங்களுக்கு முன்பு என்னோடு இந்த அறையில் வேலை பார்த்த இரண்டு பேர் அன்று பத்து மணிக்கு அதே டின்னிலிருந்து தோட்டா செய்ய வருவதாக இருந்தது. டின்னைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டேன். ரேஞ்சில் ஒரு விதி உண்டே: 'நிறுத்து' என்று யார் கத்தினாலும், அவன் யாராக இருந்தாலும், எல்லாரும் நிறுத்த வேண்டும், ஏன் என்று பிறகு கேட்கலாம். முதல் போனிலேயே அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தால் போதும். காரணத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போக வேண்டியே இருந்திருக்காது.

காத்திருக்கும்போது மனம் ஒரே இடத்தைச் சுற்றும். அதை வேறெங்காவது கட்டிப்போட வேண்டும். அந்தப் பழுப்புக் கட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன இது? கரிசல் மண் என்றுதான் முதலில் நினைத்தேன். கரிசல் என்றால் ஊறினால் கொழகொழவென்று கருப்பாகக் கரையும். இதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். பழுப்பாகக் கரைந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் பொடி நின்றது. முகர்ந்து பார்த்தேன். தெரிந்த வாசம். ரொம்ப நாளாகத் தெரிந்த வாசம். ஆனால் தோட்டா அறையில் அதைத் தேடாததால் பெயர் வரவில்லை. முகர்ந்து பார்க்கலாம், நாக்கில் வைக்காதீர்கள், சுட்ட கூட்டில் ஈயம் உண்டு.

பெயர் வந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். புளி.

புளி எப்படி இங்கே? அந்த இரண்டு பேரில் ஒருவர் தினமும் புளியோதரை கொண்டுவருவார். மேசையில் வைத்துத்தான் தின்றிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். வந்ததும் என்ன கேட்க வேண்டும் என்று வசனம்கூட தயார். அந்தத் தம்பியிடம் பின்னால் மன்னிப்புக் கேட்டேன், மனதுக்குள். ஏனென்றால் ஒரு ஓரத்தில் வேறொரு கேள்வி உறுத்தியது. புளியோதரையில் சாம்பல் எதற்கு?

கேள்வி அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே பேச்சியக்கா ஆடுகளோடு வந்துவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தாள்.

"தம்பி, புள்ள போயிட்டாளா? குண்டெல்லாம் பளபளன்னு இருந்துச்சா?"

எனக்கு உடனே புரியவில்லை. "எது?"

"ஏய்யா, கொடைத் திருநாளுக்கு அம்மன் கோயிலு வெளக்கு, மணியெல்லாம் தேக்கது என் முறை. பூராத்தையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சேன். கைல மிச்சம் இருந்துச்சி. நம்ம மாரி போட்டிக்குப் போறாளே, வெடிப்புக்குள்ள கெடந்த சனியன இப்படியேவா குடுக்கன்னுட்டு அந்த டின்னுல கெடந்ததையும் சேத்துத் தேச்சுப் பாறையில காயப்போட்டேன். தங்கமாட்டம் இருந்துச்சில்ல?"

தங்கம் போலத்தான் இருந்தது. நம் உமி டப்பா கொடுக்கும் பளபளப்பைவிட நன்றாகவே இருந்தது. அதனால்தான் அவை டப்பாவுக்குள் போகவே இல்லை. அந்த இருவரும் ஓட்டிவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். அவர்கள் நான் ஓட்டிவிட்டேன் என்று நினைத்தார்கள். அழுக்காக வந்திருந்தால் எல்லாரும் பார்த்திருப்போம்.

"அலசுனியாக்கா?"

"அலசாமயா? ஒரு சொம்புத் தண்ணியில அலசுனேன். ஆட்டுக்கே தண்ணி இல்ல, வெத்துக் கூட்டுக்குக் கொடமா ஊத்துவாவ?"

அவளிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அடுத்த கொடைக்கும் அவள் தேய்ப்பாள். அதனால் சொன்னேன், எதையும் கூட்டாமல் குறைக்காமல். புளிப்பசை உள்ளே இறுகிவிட்டது, இடம் குறைந்துவிட்டது, அதனால் தோட்டா கைக்குள்ளேயே வெடிக்கலாம், தகவல் சொல்லியிருக்கிறேன், பதில் வரவில்லை.

அவள் கம்பை ஊன்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். ஆடுகள் தம் பாட்டுக்குப் போய்விட்டன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் நல்லதுன்னுல்லா செஞ்சேன்" என்றாள்.

"எனக்குத் தெரியும்க்கா. நான் பாக்காம விட்டேன். ஒன் வேல தேக்கது. பாக்கது என் வேல."

"வாய மூடு. ரெண்டு பேரு வேலயும் புள்ள கையிலதான் போயி நிக்கி."

பத்து மணிக்கு அந்த இருவரும் வந்தார்கள். பூட்டிய டின்னையும் எங்கள் முகத்தையும் பார்த்துவிட்டு அவர்களும் எங்களோடு உட்கார்ந்துவிட்டார்கள். மதியம் போனது. பேச்சியக்கா சோறு தின்னவில்லை. அவள் தூக்குவாளியை எங்கள் பக்கம் தள்ளினாள், நாங்களும் தின்னவில்லை. காற்று மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆளில்லாத ரேஞ்சில் தகடுகள் கடகடவென்று ஆடின.

வெயில் தாழ்ந்தபோது பாதையில் புழுதி தெரிந்தது. செயலாளர் அண்ணாச்சியின் கார். முன்கதவு திறந்தது. மாரி இறங்கினாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தேன். ஒன்றில் பை, இன்னொன்றில் சிவப்பு மூடிப் பெட்டி. பத்து விரலும் இருந்தன.

பேச்சியக்கா அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஆடு எங்க போச்சோ" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

"மூணு சுட்டேன்" என்றாள் மாரி. "நாலாவதுக்குக் குறி பாக்கும்போது அண்ணாச்சி லைனுக்குள்ளேயே ஓடி வந்து நிறுத்துன்னு கத்துனாவ. செருப்பு ஒண்ணு அங்கன கெடக்கு, ஒண்ணு இங்கன கெடக்கு. பெறவு பையில கெடந்த மருந்து கொறஞ்ச பழைய தோட்டாவ வச்சுதான் சுட்டேன். எல்லாம் பட்டுச்சி. ரெண்டு தகடு விழல. நான் செலக்‌ஷன் ஆகல."

பையிலிருந்து மூன்று கூடுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "மூணாவது மட்டும் கைய ஒதறுச்சிப்பா. காத்துன்னு நெனச்சேன்."

மூன்றாவதை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். கேப் தட்டையாகி, அடிப்பக்கம் ஒருபுறம் மீன் வயிறு போல உப்பியிருந்தது. கிழியவில்லை. ஏன் கிழியவில்லை? ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் படியில் நின்றிருந்தால் இந்தப் புளிக்கு இடமே இருந்திருக்காது, கூடு கிழிந்திருக்கும். நாலில் நின்றபோது எதற்காக அந்த ஒரு படியை விட்டேன் என்று எனக்குத் தெரியாது. கேப்பின் விளிம்புக்காக என்றுதான் நினைத்தேன். நமக்குத் தெரிந்த ஆபத்துக்கு அளவு வைத்துவிடுகிறோம். மிச்சம் விடும் இடம், நமக்கு இன்னும் பெயர் தெரியாத ஆபத்துக்காக. உங்களிடமும் ஒருவர் வந்து இன்னும் ஒரு படி கேட்பார். அவர் உங்களுக்கு வேண்டியவராகத்தான் இருப்பார். அன்றைக்கு இந்தக் கூட்டை எடுத்துப் பாருங்கள். மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

திரும்பியபோது மாரி வாசலில் நின்றிருந்தாள். மருந்துக்காகச் சண்டை போட்ட அந்த முகம் இல்லை அது. ஆனால் அழுத முகமும் இல்லை.

"அண்ணாச்சிகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள். "இனிமே எங்கப்பா போன் வந்தா, நான் லைன்ல நின்னாலும் எங்கிட்டக் குடுக்கணும்னு."

நான் அந்த மூன்றாவது கூட்டை இழுப்பறையில் வைத்து மூடினேன்.

"ஆனா தண்ணி குடிச்சியான்னு மட்டும் கேட்டுராதீங்க" என்றாள்.